இந்த மாத்திரை எதற்கு? வேலூர் மருந்துக் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

காலை பத்து மணி இருக்கும். தோட்டப்பாளையத்தில் ஒரு மருந்துக் கடை. டாக்காவிலிருந்து சிகிச்சைக்காக வந்து, ஒரு மாதமாக லாட்ஜில் தங்கியிருக்கும் தம்பதி. கணவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவுண்டரில் கவிழ்க்கிறார். ஐந்து அட்டைகள் விழுகின்றன. ஐந்திலும் நம் ஊரில் யாரும் பார்த்திராத பிராண்டு பெயர்கள். இரண்டு அட்டைகள் தீர்ந்துவிட்டன. அதே மாதிரி வேண்டும் என்று கையால் காட்டுகிறார். கடையில் அன்றுதான் சேர்ந்த பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரேக்கைப் பார்க்கிறாள். ரேக்கில் அந்தப் பெயர் இருக்காது. எத்தனை முறை தேடினாலும் இருக்காது.

வேலூரில் இது தினமும் நடக்கிறது. வங்காளம், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தோ ரயில் பிடித்துக் காட்பாடியில் இறங்கி வருகிறார்கள். பிராண்டு பெயர் ஊருக்கு ஊர் மாறும். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயரும், அது உடம்பில் செய்யும் வேலையும் மாறாது. அந்த வேலையை வைத்து மருந்துகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், புது அட்டை எது வந்தாலும் அதன் இடம் உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையில்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பதிவு பெற்ற மருந்தாளுநருடையது. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இங்கே படிப்பதெல்லாம் புரிந்துகொள்வதற்கும், சரியான நேரத்தில் சரியான ஆளிடம் கேட்பதற்கும்தான். மருத்துவர் எழுதிய சீட்டை நாமாக மாற்றுவதற்கு இல்லை.

முதல் படி: அட்டையைத் திருப்புங்கள்

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, மருந்தின் சொந்தப் பெயரைத் தேடுங்கள். ஜெனரிக் பெயர் என்று நாம் சொல்வது அதைத்தான். ‘பாராசிட்டமால் ஐ.பி. 650 மி.கி.’ என்ற மாதிரி இருக்கும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பெயருக்குப் பின்னால் சில அட்டைகளில் ‘ஐ.பி.’ என்றும் சிலவற்றில் ‘பி.பி.’ என்றும் போட்டிருக்கும். பி.பி. என்றதும் பிரஷர் மாத்திரை என்று நினைத்துவிடக் கூடாது. ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தர நூல், பி.பி. என்றால் பிரிட்டிஷ் மருந்துத் தர நூல். மருந்தின் தரம் எந்த நூலின்படி இருக்கிறது என்பதற்கான குறி அது. மருந்தின் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து, எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். நம் நாட்டில் கூட்டு மாத்திரைகள் அதிகம். டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் ஒன்றாக இருக்கும். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒன்றாக இருக்கும். சளி மாத்திரையில் மூன்று மருந்துகள்கூட இருக்கும். அப்படிப்பட்ட மாத்திரையை ஒரே மருந்தாக நினைக்காமல் இரண்டு, மூன்று மருந்துகளாகவே மனதில் வையுங்கள். அட்டை வெட்டுப்பட்டு வந்து பெயர் பாதி போயிருந்தால், கியூஆர் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம். செல்போனில் ஸ்கேன் செய்தால் ஜெனரிக் பெயர், பேட்ச், எக்ஸ்பயரி எல்லாம் வரும். அந்தக் குறியீடும் கிழிந்திருந்தால் ஊகத்தில் கொடுக்காதீர்கள். பழைய சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: 14 பெட்டிகள்

மருந்துகளை வேலைப்படி பிரிக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு முறையைப் பயன்படுத்துகிறது. அதைப் பராமரிக்கும் மையம் நார்வேயின் ஆஸ்லோ நகரில் 1982-லிருந்து இயங்குகிறது. ஏ.டி.சி. முறை என்பார்கள். மருந்து உடம்பில் எந்த உறுப்பு மண்டலத்தில் வேலை செய்கிறது, எந்தச் சிகிச்சைக்கு, வேதியியல்படி எந்தக் குடும்பம் என்று மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு கொடுக்கிறார்கள்.

ஒரு மருந்தை எடுத்துப் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். மெட்ஃபார்மின். வேலூர் பக்கம் சுகர் மாத்திரை என்றால் பெரும்பாலும் இதுதான் முதலில் கைக்கு வரும். இதன் குறியீடு ஏ10பிஏ02. ‘ஏ’ என்றால் உணவுப் பாதையும் வளர்சிதை மாற்றமும். ‘10’ என்றால் அதில் நீரிழிவு மருந்துகள். ‘பி’ என்றால் இன்சுலின் தவிர்த்த மற்றவை. அடுத்த ‘ஏ’ பைகுவனைடு என்ற வேதிக் குடும்பம். கடைசி ‘02’ மெட்ஃபார்மின் என்ற அந்த ஒரு மருந்து. தபால் முகவரி மாதிரிதான். மாவட்டம், ஊர், தெரு, வீட்டு வரிசை, வீடு என்று ஐந்து நிலை. கவுண்டரில் நிற்பவருக்கு முதல் மூன்று நிலை மனதில் இருந்தால் போதும். குறியீட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதல் எழுத்துகள் மொத்தம் 14. நம் வாடிக்கையாளர்கள் சொல்லும் பெயர்களோடு சேர்த்தே சொல்கிறேன்.

‘ஏ’ பெட்டி பெரியது. கேஸ் மாத்திரை என்று கேட்கும் பான்டோபிரசோல், வாந்திக்கு டோம்பெரிடோன், பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி, இன்சுலின், எல்லா சுகர் மாத்திரைகளும் இதில்தான். பி காம்ப்ளெக்ஸும் கால்சியமும்கூட இங்கேதான் வரும். ஆனால் ‘சத்து மாத்திரை’ என்று மக்கள் சொல்வது எல்லாம் இங்கே வராது. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் ‘பி’ பெட்டி, அதாவது ரத்தம். காரணம் எளிது. அவை ரத்தசோகைக்குக் கொடுக்கப்படுபவை. கர்ப்பிணிப் பெண் வந்து ‘சத்து மாத்திரை’ கேட்டால் இரும்பா, கால்சியமா என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால் ஒரே நேரத்தில் போடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். கால்சியம் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

‘பி’ பெட்டியில் இன்னொரு முக்கியமான கூட்டம், ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் மருந்துகள். சின்ன ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின், அசினோகூமரால். இதய வால்வு மாற்றியவர்கள் பல ஊர்களிலிருந்து வேலூருக்கு வந்து போகிறார்கள். அவர்களின் பையில் கடைசி இரண்டில் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டால், வலி மாத்திரை கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மூத்த மருந்தாளுநரைக் கூப்பிடுங்கள்.

‘சி’ இதயமும் ரத்தக் குழாயும். பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை. ‘டி’ தோல். ‘ஜி’ சிறுநீர்ப் பாதையும் பிறப்புறுப்பும். பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் இங்கே. ‘எச்’ ஹார்மோன். தைராய்டு மாத்திரைகள், ஸ்டீராய்டு. இன்சுலின் ஹார்மோன்தான், ஆனாலும் சுகர் மருந்தாக ஏ பெட்டிக்குப் போய்விட்டது. இந்தப் பிரிவே வேலையைப் பார்த்துத்தான் என்பதற்கு இது நல்ல சாட்சி.

‘ஜே’ கிருமிகளுக்கு எதிரானவை. ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கு வாயால் சாப்பிடும் மருந்து, வைரஸ் மருந்து, தடுப்பூசி. டி.பி. மருந்துகளும் தொழுநோய் மருந்துகளும் இதில் ஒரே உட்பிரிவில் இருக்கின்றன. இரண்டு நோய்க்கும் காரணம் ஒரே குடும்பத்துக் கிருமி. காட்பாடி பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருப்பதால் டாப்சோன், குளோஃபாசிமின், ரிஃபாம்பிசின் என்ற பெயர்கள் இந்த ஊர் மருந்தாளுநர்களுக்குப் பழக்கம். ரிஃபாம்பிசின் இரண்டு நோய்க்கும் பொது. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்துக்குப் பிறகு சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காய்ச்சலோடு வருபவர்களின் சீட்டில் டாக்சிசைக்ளின் இருந்தால் அதுவும் ஜே பெட்டிதான். ஸ்கிரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு எழுதியிருப்பார்கள். முகப்பருவுக்கும் அதே மருந்தை எழுதுவார்கள் என்பதால், காய்ச்சல்காரரிடம் அட்டையைக் கொடுக்கும்போது இது பருவுக்கு என்று தவறாகச் சொல்லிவிடாதீர்கள்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். ‘எல்’ புற்றுநோய் மருந்துகளும் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்குபவையும். ‘எம்’ எலும்பும் தசையும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால். ‘என்’ நரம்பு மண்டலம். வலிப்பு, மனநலம், தூக்கம், அப்புறம் பாராசிட்டமால். ஆமாம், பாராசிட்டமால் நரம்பு மண்டலப் பெட்டியில்தான் இருக்கிறது. வலியையும் காய்ச்சலையும் குறைப்பது அங்கே வரும். ‘பி’ என்ற ஓசையில் இன்னொரு எழுத்தும் உண்டு. ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்து வருவது. அது ஒட்டுண்ணிகளுக்கு. பூச்சி மருந்து என்று கேட்கும் அல்பெண்டசோல் இதில். ‘ஆர்’ மூச்சு. இன்ஹேலர், சளி, அலர்ஜி. ‘எஸ்’ கண்ணும் காதும். கடைசி ‘வி’ எதிலும் சேராதவை. விஷமுறிவு மருந்துகள், ஸ்கேனுக்குப் போடும் சாயம் போன்றவை.

நம் நாட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. 2022-ல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள், 27 சிகிச்சைப் பிரிவுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பில் படித்த பிரிவும் கடைப் பிரிவும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறினால் குழம்ப வேண்டாம். பெட்டியின் பெயர் எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த நோய்க்கு, எந்த உறுப்பில் வேலை செய்கிறது?

மூன்றாம் படி: பெயரின் வாலைப் பிடியுங்கள்

ஜெனரிக் பெயர்கள் கண்டபடி வைக்கப்படுவதில்லை. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளுக்குப் பெயரின் முடிவு பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரஷர் மருந்துகளில் நான்கு வால்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால் என்று ‘லால்’ வந்தால் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர். எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’. லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் என்று ‘சார்ட்டான்’. அம்லோடிபின், சில்னிடிபின் என்று ‘டிபின்’.

வால் தெரிந்தால் பக்கவிளைவும் சேர்ந்தே ஞாபகம் வரும் என்பதுதான் பெரிய லாபம். ஒருமுறை சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா இருமல் டானிக் வாங்க வந்தார். மூன்றாவது பாட்டில். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரி வறட்டு இருமல் மட்டும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். ராமிப்ரில். ‘ப்ரில்’ குடும்பம் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். டானிக் கொடுக்காமல், அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போய் இருமலைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். டாக்டர் மருந்தை மாற்றினார். இரண்டு, மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது. அதேபோல் ‘டிபின்’ சாப்பிடுபவருக்குக் கால் வீங்கலாம். இதெல்லாம் தெரிந்திருந்தால் நம்மால் ஒருவரைச் சரியான இடத்துக்கு அனுப்ப முடியும்.

மற்ற வால்கள்: ‘ஸ்டாட்டின்’ கொழுப்புக்கு. ‘பிரசோல்’ வயிற்று அமிலத்துக்கு. ‘ஃப்ளாக்சசின்’ ஒரு வகை ஆன்டிபயாடிக். ‘சிலின்’ பென்சிலின் குடும்பம், அலர்ஜி இருக்கிறதா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. ‘கிளிப்டின்’, ‘கிளிஃப்ளோசின்’ இரண்டும் சுகருக்கு. ‘வீர்’ வைரஸுக்கு.

இப்போது எச்சரிக்கை. வால் ஏமாற்றும் இடங்களும் உண்டு. அவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிஸ்டாட்டின் ‘ஸ்டாட்டின்’ என்று முடிகிறது. ஆனால் அது பூஞ்சை மருந்து. நியூயார்க் மாநில அரசின் ஆய்வகத்தில் 1950-ல் கண்டுபிடிக்கப்பட்டதால், நியூயார்க் ஸ்டேட் என்ற பெயரிலிருந்து வந்தது. கொழுப்பு மருந்துகள் வருவதற்குப் பல காலம் முன்பே வைத்த பெயர். அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக், ஆனால் பிளியோமைசினும் மைட்டோமைசினும் புற்றுநோய் ஊசிகள்.

இருப்பதிலேயே ஆபத்தானது ‘சோல்’. ஒமிபிரசோல் வயிற்றுக்கு. ஃபுளுகோனசோல் பூஞ்சைக்கு. அல்பெண்டசோல் பூச்சிக்கு. மெட்ரோனிடசோல் அமீபாவுக்கும் சில பாக்டீரியாவுக்கும். கார்பிமசோல் தைராய்டுக்கு. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கு. அரிபிபிரசோல் என்று ஒன்று, ‘பிரசோல்’ என்றே முடிகிறது, ஆனால் மனநோய்க்கான மருந்து. ஆகவே கடைசி இரண்டு எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். வாலை இன்னும் கொஞ்சம் நீட்டிப் படியுங்கள், சந்தேகம் வந்தால் முழுப்பெயரையும் புத்தகத்தில் பாருங்கள்.

காதில் ஒன்றாக விழும் பெயர்களும் உண்டு. கார்பிமசோல் தைராய்டுக்கு, கார்பமசிபின் வலிப்புக்கு. செட்ரிசின் அலர்ஜிக்கு, சின்னரிசின் தலைச்சுற்றலுக்கு. போனில் ஆர்டர் வந்தால் மருந்தின் பெயரோடு, ‘இது எதுக்குங்க?’ என்றும் கேளுங்கள். வலிப்புக்கு என்று பதில் வந்தால், கார்பிமசோல் எடுக்கப்போன கை தானாக நின்றுவிடும்.

நான்காம் படி: ஒரே மருந்துக்கு இரண்டு வேலை

ஆஸ்பிரினுக்கு ஏ.டி.சி. முறையில் ஒன்றுக்கு மேல் முகவரி இருக்கிறது. 75 மி.கி. என்றால் ரத்தம் கட்டாமல் இருக்க, ‘பி’ பெட்டி. 300 மி.கி.க்கு மேல் என்றால் வலிக்கு, ‘என்’ பெட்டி. மருந்து ஒன்றுதான், அளவு மாறினால் வேலை மாறுகிறது. ஃபினாஸ்டரைடு 5 மி.கி. பிராஸ்டேட்டுக்கு, 1 மி.கி. முடி உதிர்வுக்கு. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் கடையில் வேலை செய்தால் இதன் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து. குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தலைவலிக்கும் எழுதுகிறார்கள். சுகரால் கால் எரிச்சல் வந்த பெரியவரிடம், ‘இது மனசு சரியில்லாதவங்க சாப்பிடுறது’ என்று ஒரு கடைப் பையன் சொல்லிவிட்டால், அவர் வீட்டுக்குப் போய்க் குப்பையில் போட்டுவிடுவார். நடந்திருக்கிறது. பெட்டியின் பெயரைச் சத்தமாக வாசிக்காதீர்கள். டாக்டர் எதற்கு எழுதினார் என்று அவரிடமே முதலில் கேளுங்கள்.

இந்தப் படியில் நீங்கள் எதை மறந்தாலும் மெத்தோட்ரெக்சேட்டை மறக்காதீர்கள். புற்றுநோய்க்கும் உண்டு, மூட்டுவாதத்துக்கும் உண்டு, சொரியாசிஸுக்கும் உண்டு. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. நான் அட்டையைக் கொடுக்கும்போது கவர் மேல் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதுவேன்: ‘வியாழன் மட்டும்.’ அப்புறம் அவர் வாயாலேயே கிழமையைத் திருப்பிச் சொல்ல வைப்பேன். வங்காளத்திலிருந்து வந்தவர் என்றால் கூட வந்தவரை வைத்து அவர்கள் மொழியில் எழுத வைப்பேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இந்த ஒரு நிமிடத்தை விடமாட்டேன்.

ஐந்தாம் படி: பையை மொத்தமாகப் பார்ப்பது

வகைப்பாடு தெரிந்ததன் உண்மையான பலன் இங்கேதான். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வந்தார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றார். பையில் இரண்டு பிரஷர் அட்டை. ஒரு டாக்டர் லோசார்ட்டான் எழுதியிருந்தார், இன்னொரு இடத்தில் டெல்மிசார்ட்டான் கொடுத்திருந்தார்கள். தாத்தா இரண்டையும் சாப்பிட்டு வந்தார். “கலர் வேற மாதிரி கீதே, வேற மருந்துன்னுதான் நெனச்சேன்பா” என்றார். ஜெனரிக் பெயர் படித்தவருக்கும் இவை இரண்டு வேறு மருந்துகள்தான். குடும்பத்தின் பெயர் தெரிந்தவருக்குத்தான் இரண்டும் ‘சார்ட்டான்’, ஒரே வேலையை இரண்டு முறை செய்கின்றன என்று தெரியும். நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு அட்டையையும் ஒரே தாளில் எழுதி, அவருடைய டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் ஒன்றை நிறுத்தினார்.

இதைவிடச் சாதாரணமாக நடப்பது பாராசிட்டமால். ஒருவருக்குக் காய்ச்சல், சளி, உடம்பு வலி. 650 மி.கி. காய்ச்சல் மாத்திரை நாளைக்கு நான்கு: 2,600. சளி மாத்திரைக்குள் 500 மி.கி., நாளைக்கு மூன்று: 1,500. உடம்பு வலிக்கு வாங்கிய அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரைக்குள் 325 மி.கி., நாளைக்கு இரண்டு: 650. மொத்தம் 4,750 மி.கி. பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்லீரல் கெடும். மூன்று அட்டையிலும் மூன்று பிராண்டு பெயர். சாப்பிடுபவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பில் போடும் நமக்குத்தான் தெரிய வேண்டும்.

பையைப் பார்க்க நான் சொல்லித்தரும் வழி இது. எல்லா அட்டையையும் கவுண்டரில் பரப்புங்கள். ஜெனரிக் பெயர்களை எழுதுங்கள். கூட்டு மாத்திரையைப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேலையை எழுதுங்கள். ஒரே வேலை இரண்டு முறை வந்தால் வட்டம் போடுங்கள். சில நேரம் டாக்டரே வேண்டுமென்று இரண்டு பிரஷர் மருந்தைச் சேர்த்து எழுதுவார், அது வேறு வேறு குடும்பமாக இருக்கும். ஒரே குடும்பம் இரண்டு முறை வந்தால்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, ஆஸ்துமா இன்ஹேலரும் ‘லால்’ மாத்திரையும் ஒரே பையில் இருந்தாலும் கேளுங்கள். கண்ணில் விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அந்தக் குடும்பம்தான், சொட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: சட்டத்தின் பிரிவு வேறு

ஹெச், ஹெச்1, எக்ஸ் என்ற அட்டவணைகள் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் வருபவை. அவை மருந்தின் வேலையைச் சொல்வதில்லை, எப்படி விற்க வேண்டும் என்று சொல்கின்றன. அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் இரண்டுமே ஆன்டிபயாடிக், ஆனால் முதலாவது ஹெச், இரண்டாவது ஹெச்1. ஹெச்1 மருந்து விற்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ் மருந்துகள் பூட்டிய அலமாரியில். சீட்டு இல்லாமல் ‘போன தடவை இதேதான் குடுத்தீங்க’ என்று ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் தினமும் வருவார்கள். மரியாதையாக, உறுதியாக மறுக்கப் பழகுங்கள்.

ஏழாம் படி: ரேக், வெயில், ஃபிரிட்ஜ்

சில கடைகளில் ரேக் கம்பெனி வாரியாக இருக்கும், சிலவற்றில் எழுத்து வரிசையில். எழுத்து வரிசை வேகமாக எடுக்க நல்லது, ஆனால் ஒரே ஓசையுள்ள பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். எனக்கு வேலைப்படி அடுக்குவதுதான் பிடிக்கும். சுகர் ஒரு ரேக், பிரஷர் ஒரு ரேக், ஆன்டிபயாடிக் ஒரு ரேக், அதற்குள் எழுத்து வரிசை. கை தவறினாலும் சுகர் மாத்திரைக்குப் பதில் சுகர் மாத்திரைதான் வரும் என்று இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளிமிபிரைடு 1 மி.கி.யும் 4 மி.கி.யும் பக்கத்தில் இருந்தால் நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு வையுங்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்கும் புற்றுநோய் மாத்திரைகளுக்கும் தனி டப்பா.

வேலைப்படி அடுக்கும் விதியை உடைக்கும் இன்னொரு விஷயம் வெப்பம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான மாத்திரைகளில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்லியிருக்கும். தகர ஷட்டருக்குப் பக்கத்து ரேக்கில் எதையும் வைக்காதீர்கள். இன்சுலின், தடுப்பூசி போன்றவை எந்தப் பெட்டியைச் சேர்ந்தவையாக இருந்தாலும் 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜில்தான். ஃப்ரீசர் வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. குடியாத்தம், பேரணாம்பட்டு போகிறவர்களுக்கு ஐஸ் பேக்கோடு கொடுங்கள், ஆனால் ஐஸும் இன்சுலினும் நேரடியாகத் தொடாமல் நடுவில் துணியோ காகிதமோ சுற்றிக் கொடுங்கள். மே மாதம் மதியம் பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று வாயால் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

முதல் மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் ஐந்து அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி: பிராண்டு, ஜெனரிக், குடும்பம், எதற்கு, கேட்க வேண்டிய ஒரு கேள்வி. கடைசியில் வரும் அந்தக் கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் கவுண்டரில் கைகொடுப்பது. என் பழைய நோட்டிலிருந்து இரண்டு வரி, பிராண்டு பெயரை மட்டும் விட்டுவிட்டு: ‘எனலாப்ரில் – ப்ரில் – பிரஷர், இதயம் – வறட்டு இருமல் இருக்கா? கர்ப்பமா?’ ‘மெட்ஃபார்மின் – பைகுவனைடு – சுகர் – சாப்பாட்டோடு போடுறாரா? கிட்னி டெஸ்ட் எப்போ பண்ணினார்?’

அந்த டாக்கா தம்பதியின் பைக்குத் திரும்புகிறேன். புதுப் பெண்ணும் நானும் ஐந்து அட்டையையும் பரப்பி, ஜெனரிக் பெயர்களை எழுதினோம். தைராய்டு ஒன்று, கேஸ் ஒன்று, கொழுப்பு ஒன்று, பிரஷர் இரண்டு. பிரஷர் இரண்டும் வேறு குடும்பம், அதனால் கவலை இல்லை. தீர்ந்துபோனவை தைராய்டும் ஒரு பிரஷர் மாத்திரையும். இங்கே பார்க்கும் டாக்டரின் சீட்டு இருக்கிறதா என்று கேட்டோம், இருந்தது. அதில் தைராய்டு இருந்தது, பிரஷர் இல்லை. தாளில் ‘அம்லோடிபின் 5 மி.கி., தினமும் ஒன்று, தீர்ந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்து, இன்று மதியமே டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிவரச் சொன்னோம். நான்கு மணிக்குத் திரும்பி வந்தார்கள், சீட்டோடு. இரண்டாவது அட்டையை அந்தப் பெண்ணே ரேக்கிலிருந்து எடுத்து, என்னிடம் பெயரைக் காட்டிவிட்டு, கவரில் போட்டாள்.